பானெட்டைத் தூக்கினால் கண்ணாடி போல் மின்ன: எஞ்சின் பாகங்களுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்பெட் கவர் (எஞ்சினின் உச்சியில் உள்ள மூடி), இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி), பேட்டரி டிரே, பிராக்கெட்டுகள், ஏர் ஃபில்டர் பெட்டி என்று கழற்றி எடுக்கக்கூடிய பாகங்களைப் பற்றியே இந்தப் பக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து வெயில், தூசி, உப்புத் தண்ணீர் மூன்றையும் மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே பல இடங்களில் இடிக்கும்.

எந்தெந்தப் பாகத்துக்கு அடிக்கலாம்? எதைத் தொடக்கூடாது?

மேலே சொன்னவை எல்லாவற்றுக்கும் தாராளமாக அடிக்கலாம். ரப்பர் ஹோஸ், பெல்ட், வயரிங், சென்சார் உட்காரும் துளை, போல்ட் மரை, கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இரு பாகங்களுக்கு நடுவே வைப்பது) படியும் முகம், எர்த் வயர் பூட்டும் இடம் ஆகியவற்றில் ஒரு துளிகூடப் படக்கூடாது. எர்த் பூட்டும் இடத்தில் பெயின்ட் ஏறினால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், லைட் மங்கும். காரணம் தெரியாமல் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளையும் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் துடுப்புகளில் தடிமனாக ஏற்றினால் சூடு வெளியேறாது. நம் ஊர் மே மாதத்தில் அது விளையாட்டல்ல.

பாகத்தைக் கழற்றாமல், டேப் ஒட்டி வண்டியிலேயே அடித்துவிடலாமா?

அடிக்கலாம். வழவழப்பு வராது. அடிப்பக்கமும் மூலைகளும் கைக்கு எட்டாது, எண்ணெய் முழுதாகப் போகாது, தேய்த்த தூள் எங்காவது உள்ளே விழும். கழற்றுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் போன் கேமராவில் படம் பிடியுங்கள். மேனிஃபோல்டை எடுத்தபின் எஞ்சின் பக்கத்துத் துளைகளில் துணியைத் திணிக்காதீர்கள். உள்ளே மறந்துவிட்டால் வால்வு போகும். அகல டேப்பை மேலே ஒட்டுவதே பாதுகாப்பு.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது?

நான்கு சிலிண்டர் டேப்பெட் கவர் ஒன்றின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 0.15 சதுர மீட்டர். ஐந்தாறு பாகம் சேர்ந்தாலும் ஒரு சதுர மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனால் சின்னப் பாகத்தில் அடிக்கும்போது பாதிப் பெயின்ட் காற்றில்தான் போகும். அதனால் ஸ்ப்ரே கன்னில் அடிப்பதாக இருந்தால் 2கே ப்ரைமர் (2கே என்றால் ஹார்ட்னர் கலந்து இறுகவைக்கும் வகை) 250 மில்லி, பேஸ் கலர் 250 மில்லி, கலருக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியர் 250 முதல் 300 மில்லி, அவற்றுக்கு உரிய ஹார்ட்னர், 1 லிட்டர் தின்னர் போதும். ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் 400 மில்லி டப்பா ஒவ்வொரு வகையிலும் ஒன்று. டேப்பெட் கவரோடு மேனிஃபோல்டும் இருந்தால் கலரில் இரண்டு.

கன் கட்டாயமில்லை. சாதாரண டப்பா பெயின்ட் பெட்ரோல், பிரேக் ஆயில் பட்டால் கரைந்துவிடும், அதுதான் குறை. அடியில் பொத்தானை அழுத்தி உள்ளேயே ஹார்ட்னரைக் கலந்துகொள்ளும் 2கே கிளியர் டப்பா கிடைத்தால் அந்தக் குறை தீரும். ஆனால் அழுத்தியபின், டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் முழுவதையும் தீர்த்தாக வேண்டும்.

ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. பெயின்ட் மட்டமா?

பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பில்லை, எண்ணெய்தான் காரணம். வார்ப்பு அலுமினியம் பார்க்கத் திடமாகத் தெரிந்தாலும் நுண்ணிய துளைகள் கொண்டது. பத்து வருடம் எஞ்சின் ஆயிலில் ஊறிய டேப்பெட் கவரை மேலே மட்டும் துடைத்துவிட்டு அடித்தால், எஞ்சின் சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் வியர்வை போல் வெளியே வந்து பெயின்ட்டை அடியிலிருந்து தள்ளிவிடும்.

எண்ணெய் எடுக்கும் முறை இதுதான். முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பழைய பிரஷால் கெட்டிப் பிசுக்கைக் கரைக்க வேண்டும். இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். டீசலே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும் என்பதால், அடுத்து பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீரில் இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பாகத்தின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து ஓடினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பிறகு 100 முதல் 120 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். பழைய ஓவன் இல்லாவிட்டால் ஹீட் கன் போதும். பழுப்பு நிறத்தில் ஈரத் திட்டுகள் எழும். சூடு ஆறியதும் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். திட்டு எழாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய கவருக்கு மூன்று சுற்று ஆவது சாதாரணம். தின்னர் ஈரம் முழுதாகக் காயாமல் சூட்டில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்கு எடுக்கவே கூடாது.

கழுவிக் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அது என்ன?

உப்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் அந்தத் தடம் நிற்கும். அதன் மேல் அடித்தால் ஈரப்பதத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கடைசி அலசலுக்கு மட்டும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே கம்ப்ரசர் காற்றால் ஊதிக் காயவைத்துவிடுங்கள். கடைசியாகத் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் ஒட்டும், சாயம் இறங்கும்.

பழைய பெயின்ட்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாமா?

இரும்புத் தகடாக இருந்தால் சரி. அலுமினியமாக இருந்தால் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பாகம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பழைய பெட்ரோல் அம்பாசடரின் டேப்பெட் கவர் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். அலுமினியத்துக்குப் பெயின்ட் ரிமூவரைத் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பதே நல்லது.

மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தால் ஒரே நாளில் முடியுமே?

பிராக்கெட், பேட்டரி டிரே என்றால் கொடுங்கள். டேப்பெட் கவரைக் கொடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. கவரின் உள்பக்கம் எண்ணெய் ஆவியைப் பிரிக்க ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதன் பின்னால் போன மணல் எத்தனை கழுவினாலும் முழுதாக வராது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு மணியாக ஆயிலில் இறங்கி பேரிங்கைத் தேய்த்துவிடும். பெயின்ட் வேலை எஞ்சின் வேலையாக மாறிவிடும். மேனிஃபோல்டின் உட்குழாய்க்கும் இதே கதைதான். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்தத் தகட்டைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கையால் தேயுங்கள்.

கடையில் அடித்ததுபோல் வழவழப்பு வரவில்லை. எத்தனை கோட் அடித்தாலும் சொரசொரப்பு தெரிகிறதே?

வார்ப்பின் மணல் தடத்தைப் பெயின்ட் மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும். வழவழப்பு முழுவதும் கலர் தொடும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

வார்ப்புக் கோடுகளையும் துருத்தல்களையும் முதலில் அரத்தால் ராவுங்கள். பிறகு 80 நம்பர் உப்புத்தாள் பேப்பர், அடுத்து 120, 180, 240. ஒவ்வொரு நம்பரையும் முந்தைய நம்பருக்குக் குறுக்காகத் தேய்த்தால் பழைய கீறல் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். 80-இலிருந்து நேரே 240-க்குத் தாவினால் அந்த ஆழக் கீறல்கள் அப்படியே நிற்கும். ஒரு மாதம் கழித்துப் பெயின்ட் சுருங்கி இறுகும்போது கோடு கோடாக மேலே தெரியும். எழுத்துகள், விலா எலும்பு போன்ற மேடுகளைச் சுற்றிப் பேப்பரை ஒரு ஐஸ் குச்சியில் சுற்றித் தேய்க்கலாம். கேஸ்கெட் முகத்தின் பக்கம் மட்டும் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஆயில் கசியும்.

240-க்கு மேல் வெறும் உலோகத்தை மினுக்க வேண்டாம். ப்ரைமர் பிடிக்க ஒரு பிடிமானம் வேண்டும். தேய்த்து முடித்த அலுமினியத்தில் ஆக்ஸைடு உடனே படரத் தொடங்கும், எனவே அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள்.

குழிகளைப் பட்டி வைத்து அடைக்கலாமா?

பேட்டரி டிரே, ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகடு போன்ற சூடேறாத இடங்களில் வைக்கலாம். 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் 2 கிராம் அளவு. கத்திரி வெயிலில் மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் அதன் சிவப்பு மேலே உள்ள வெளிர்க் கலரில் கசிந்து தெரியும்.

டேப்பெட் கவர், மேனிஃபோல்டு போன்றவை 90, 100 டிகிரிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவை. உலோகம் விரியும் அளவுக்குப் பட்டி விரியாது; ஓரத்தில் வெடிப்பு விடும். அங்கே பட்டிக்குப் பதில் தடிமனாக ஏறும் 2கே ப்ரைமரை இரண்டு மூன்று கோட் அடித்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும்.

எந்த ப்ரைமர்? ரெட் ஆக்ஸைடு போதாதா?

கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும். அதன் மேல் 2கே பெயின்ட் அடித்தால் தின்னர் அடிக்கோட்டைக் கிளப்பிச் சுருக்கம் விழச் செய்யும்.

வெறும் அலுமினியத்துக்கு இரண்டு வழி: ஒன்று எட்ச் ப்ரைமரை அடி உலோகம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஒரே கோட், அல்லது 2கே எபாக்ஸி ப்ரைமர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கலாமா என்பதை டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எட்ச் ப்ரைமரில் அமிலம் இருப்பதால் அதன் மேல் சில எபாக்ஸிகள் இறுகாது, பட்டியும் சரியாக ஒட்டாது. யோசிக்க நேரமில்லை என்றால் எபாக்ஸியை எடுங்கள். பேட்டரி டிரேக்கு எபாக்ஸி தவிர வேறு வேண்டாம், அமிலத்துக்கு அதுதான் தாங்கும்.

அதற்கு மேல், முன்பு சொன்ன தடிமனாக ஏறும் 2கே ப்ரைமர் இரண்டு மூன்று கோட். காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்தில் இருந்து மூடுபனி போல் லேசாகத் தூவுங்கள். பிறகு 400 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். கறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே பள்ளம். எல்லாக் கறுப்பும் போனபின் 600-இல் முடியுங்கள். விரலை ஓட்டிப் பார்ப்பதைவிட இந்தக் கறுப்பை நம்பலாம்.

வேலூர் வெயிலில் எப்போது அடிப்பது?

மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் பகலில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். அந்தச் சூட்டில் பெயின்ட் துளி பாகத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். பரவாமல் உப்புத்தாள் போல் நிற்கும். மேல்தோல் காய்ந்து அடியில் தின்னர் மாட்டிக்கொண்டால் பிறகு ஊசி முனைக் குமிழிகளாக வெடித்து வரும். அதனால் கோடையில் காலை 6 முதல் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள், மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்கள், பாகத்தை முதல் நாள் இரவே நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்த அலுமினியம் தொட்டால் சுடும். அதன் மேல் எந்தக் கெட்டிக்கார பெயின்டரும் வழவழப்புக் கொண்டுவர முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை வேறு. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்காதீர்கள். ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விப்பதால் காற்றின் ஈரம் அங்கே படிந்து, பளபளப்புக்குப் பதில் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும். மார்கழிக் காலையில் பனி இறங்கிய உலோகம் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரமாகவே இருக்கும். அந்த மாதங்களில் காலை 11 முதல் மாலை 3 வரைதான் நேரம். மொத்தத்தில் தை, மாசி மாதங்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை.

வறண்ட பாலாற்றுப் பக்கம் காற்றடிக்கும் நாளில் திறந்த வெளியில் அடிப்பது வீண் வேலை. கார் ஷெட்டின் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடியுங்கள். மேலே ஃபேன் ஓடக்கூடாது.

கன் செட்டிங் எப்படி?

ப்ரைமருக்கு 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் நாசில், கலருக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4. ட்ரிகரை அழுத்தியபடி கன்னருகே 2 பார், அதாவது 30 பி.எஸ்.ஐ. சுற்றளவு. தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். வீச்சைப் பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் கோட் மெல்லிய தூவல், இரண்டாவது முழு ஈரம். நடுவில் 10 நிமிடம். முதலில் மூலை முடுக்குகளை அடித்துவிட்டுப் பிறகு மேற்பரப்புக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் மூலைக்கு அடிக்கும்போது மேற்பரப்பில் கூடுதலாக ஏறி வழியும்.

கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், ஹோஸில் ஒரு ஈரப்பிரிப்பான் போடுங்கள். நம் ஊர்ச் சின்னக் கம்ப்ரசர்களில் பாதிக் குறை இங்கேதான்.

மீன் கண் போல் வட்டக் குழிகள் விழுகின்றனவே?

சிலிக்கோன். அது கலந்த டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் தெளித்த அதே ஷெட்டில் பெயின்ட் அடித்தால் இப்படித்தான். அந்தக் கோட்டை மேலும் மேலும் அடித்து மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, கிரீஸ் ரிமூவரால் துடைத்து, புதிதாகத் தொடங்க வேண்டும். துணியை ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். இன்னொரு காய்ந்த துணியால் உடனே எடுத்துவிடுங்கள். வட்டமாகத் துடைத்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஊசித் துளைகள் மட்டும் விழுந்தால் அது வார்ப்புத் துளையிலிருந்து வெளியேறிய காற்று. ப்ரைமருக்கு முன் பாகத்தை ஒருமுறை சூடாக்கி ஆறவைத்திருந்தால் வந்திருக்காது.

பிளாஸ்டிக் எஞ்சின் கவருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் இதே முறையா?

இல்லை. பாகத்தின் உள்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வகை அச்சிட்டிருக்கும். பி.பி. என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், எதுவும் ஒட்டாத சாமி அது. சோப்பு, சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட், பிறகு பிளாஸ்டிக் ப்ரைமர் மெல்லிய ஒரு கோட், அது சொல்லும் நேரத்துக்குள் கலர். பி.ஏ. 6 என்றிருந்தால் நைலான், மேனிஃபோல்டுகளில் பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்து வரும். அது ஈரம் உறிஞ்சும் என்பதால் நன்றாகக் காயவைத்து எபாக்ஸி அடிக்கலாம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு?

சாதாரண எஞ்சின் பெயின்ட் புகைந்து போகும். 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் அலுமினியப் பெயின்ட்தான். அடியில் சாதாரண ப்ரைமர் கூடாது, சுத்தமான வெறும் இரும்பின் மேல் நேரே அடிக்க வேண்டும். சூட்டில் படிப்படியாக இறுகும் வகை அது. இதில் கண்ணாடி வழவழப்பை எதிர்பார்க்காதீர்கள்.

பவுடர் கோட்டிங் நல்லதா?

பிராக்கெட்டுகளுக்கு அதைவிட உறுதியான பூச்சு இல்லை. கேட், கிரில் பூசும் பட்டறையே செய்துகொடுக்கும். 180 முதல் 200 டிகிரியில் வேகவைப்பார்கள் என்பதால் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட வேண்டும். எண்ணெய் ஊறிய வார்ப்பு என்றால் அந்தச் சூட்டில் குமிழி கிளம்பும். கண்ணாடி வழவழப்பு மட்டும் வேண்டுமென்றால் 2கே கிளியர்தான். பவுடரில் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற லேசான மேடுபள்ளம் இருந்தே தீரும்.

எத்தனை நாள் கழித்துப் பூட்டலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை அன்று மாலையே வரும். அதை நம்பி ஸ்பேனர் போடாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அவசரம் என்றால் பாகத்தின் சூடு 60 டிகிரியில் அரை மணி நேரம் நிற்கும்படி வையுங்கள். மறுநாள் 1500, 2000 வாட்டர் பேப்பரில் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டால்தான் அந்தக் கண்ணாடித் தோற்றம் வரும். ஓரங்களில் பேப்பர் பட்டால் ஒரே இழுப்பில் அடிக்கோட் தெரிந்துவிடும். ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். போல்ட்டுக்கு அடியில் வாஷர் சுழன்று பெயின்ட்டைக் கிழிக்கும். வாஷரின் அடியில் துளி கிரீஸ் தடவினால் கிழியாது. டேப்பெட் கவர் போல்ட் பல எஞ்சின்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டியின் அளவைப் பார்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் இறுக்குங்கள்.

துணி மாஸ்க் போதுமா?

போதாது. 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் ஆஸ்துமா ஆயுளுக்கும் நிற்கலாம். கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர், நைட்ரைல் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். இதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் 2கே வேலையை ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தின்னர் ஆவி தரையோடு படரும். பக்கத்து அறையில் கேஸ் அடுப்பு எரியக்கூடாது.

ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

வெளி நிறத்தை மாற்றினால்தான் ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆனால் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மேல் ஒரு துளிகூட விழக்கூடாது. பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி.க்கோ போகும்போது பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால், அல்லது அங்கே தேய்த்த தடம் இருந்தால், திருட்டு வண்டியோ என்று சந்தேகப்படுவார்கள். அந்த நம்பர்கள் உள்ள இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் முதல் பேப்பரையே கையில் எடுக்க வேண்டும்.

அடித்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பிரஷர் வாஷர் காட்டாதீர்கள். ஈரத் துணி போதும். பிரேக் ஆயில் ஊற்றும்போது டப்பாவைச் சுற்றித் துணி போடுங்கள். சிந்திவிட்டால் துடைப்பதற்கு முன் தண்ணீரை ஊற்றுங்கள். அது தண்ணீரில் கரையும். துணியால் துடைத்தால் பரவி இன்னும் பெரிய இடத்தைத் தின்றுவிடும்.